துறைமுகத்தை நாடி வந்த இருப்புப் பாதை



திருகோணமலை என்னும் பெயரைக் கேட்டவுடன் நம் நினைவில் எழுவன இரண்டு. ஒன்று, சுவாமிமலையின் உச்சியில் கடலை நோக்கி நிற்கும் கோணேசர் திருக்கோயில். மற்றொன்று, உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றென எண்ணப்படும் அந்நகரின் துறைமுகம். இவ்விரண்டைப் பற்றியும் எழுதியோர் பலர், பேசியோரும் பலர். மூன்றாவதாக ஒன்று உண்டு. அதைப் பற்றிப் பேசுவோர் அருமை. அந்நகரை நாட்டின் ஏனைய பகுதிகளோடு இணைக்கும் இருப்புப் பாதையே அது. அப்பாதையில், வண்டி நகரத்தை அடையுமுன் வந்து தரிக்கும் நிலையம் சீனன்குடா. துறைமுகத்தின் உட்பகுதியை அடுத்து அமைந்துள்ள இச்சிறு நிலையத்தை முன்னிறுத்தி, திருகோணமலைப் புகையிரதப் பாதையின் வரலாற்றை இன்று சற்றே ஆராய்வோம்.

வரலாறு என்றவுடன் ஆண்டுகளின் வரிசை என்று எவரும் அஞ்சவேண்டியதில்லை. ஆண்டுகள் வேண்டிய அளவுக்கு வரும். நான் கேட்க விரும்புவது ஒரே கேள்வி. இந்தப் பாதை யாருக்காக இடப்பட்டது? அதன் ஓரத்திலே குடியிருக்கும் மக்களுக்கு அது எந்த அளவுக்குச் சொந்தமாயிற்று? இக்கேள்விக்கு விடை தேடுவோமாயின், கடந்த காலத்தைப் பற்றி அறிவதோடு, இனிச் செய்யத்தக்கது யாது என்பதும் புலனாகும்.

இலங்கையில் இருப்புப் பாதை தோன்றியமைக்குக் காரணம் கோப்பிப் பயிர். மலைநாட்டுத் தோட்டங்களில் விளைந்த கோப்பியை மாட்டு வண்டிகளில் ஏற்றிக் கொழும்புக்குக் கொண்டுவருவது பெருந்துன்பமாயிருந்தது. மழைக்காலத்தில் வண்டிகள் சேற்றிற் புதைந்தன, மாடுகள் நோயால் மடிந்தன, சரக்குப் பழுதாயிற்று. ஆகவே தோட்ட முதலாளிமார் புகையிரதம் வேண்டுமென வற்புறுத்தினர். 1858ஆம் ஆண்டில் முதல் மண் வெட்டப்பட்டது. 1864ஆம் ஆண்டின் இறுதியில் கொழும்பிலிருந்து அம்பேபுசை வரை முதல் வண்டி ஓடியது. 1867ஆம் ஆண்டில் பாதை கண்டியை அடைந்தது. கோப்பி அழிந்து தேயிலை வந்த பின்னரும் பாதையின் நோக்கம் மாறவில்லை. மலையில் விளைவதைக் கொழும்புத் துறைமுகத்திற் சேர்ப்பதே அதன் முதற் கடமையாயிருந்தது.

அப்படியாயின், இயற்கையே அமைத்துத் தந்த திருகோணமலைத் துறைமுகத்தை நோக்கி முதற் பாதை ஏன் செல்லவில்லை? இதற்கு விடை பூமியின் அமைப்பிலும் வாணிகத்தின் போக்கிலும் இருக்கின்றது. தோட்டங்கள் மலைநாட்டின் மேற்குச் சரிவுக்கு அண்மையிலிருந்தன. அங்கிருந்து கிழக்குக் கரைக்கு வரவேண்டுமாயின், மக்கள் அருகிய வரண்ட காடுகளைக் கடக்கவேண்டும். 1869ஆம் ஆண்டில் சூயெஸ் கால்வாய் திறக்கப்பட்டதும், ஐரோப்பாவிலிருந்து கீழ்த்திசை செல்லும் கப்பல்கள் இலங்கையின் தென்மேற்குக் கரையை அணுகிச் செல்லலாயின. 1875ஆம் ஆண்டில் கொழும்பிலே பேரலைகளைத் தடுக்கும் கல்லணைக்கு அத்திவாரமிடப்பட்டது. பத்து ஆண்டுகளில் அது நிறைவெய்தியது. அது வரையில் காலியில் நங்கூரமிட்ட கப்பல்கள் கொழும்புக்கு வந்தன. இவ்வாறு, இயற்கை வழங்காத துறைமுகத்தை மனிதர் கொழும்பிற் கட்டிக்கொண்டனர். இயற்கை வழங்கிய துறைமுகம் வாணிகத்திற்குப் புறம்பாய் நின்றது.

திருகோணமலையின் சிறப்பெல்லாம் போர்க் கப்பல்களைப் பற்றியதாயிருந்தது. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் ஆகிய நால்வரும் இத்துறைமுகத்திற்காகப் போரிட்டனர். 1795ஆம் ஆண்டில் அது ஆங்கிலேயர் கைப்பட்டது. போர்க் கப்பலுக்கு வேண்டியது ஆழமான நீரும், காற்றுக்கு மறைவும், எதிரி எளிதில் நுழையமுடியாத வாயிலுமே. பின்னணியில் விளைநிலமும் சந்தையும் இருக்கவேண்டுமென்ற கட்டாயம் அதற்கில்லை. வாணிகத் துறைமுகமோ அப்படிப்பட்டதன்று. அதற்குப் பின்னே ஒரு நாடு இருக்கவேண்டும். அந்நாட்டிலிருந்து பாதைகள் வந்து சேரவேண்டும். எனவே, கடற்படை இருந்த காலம் முழுவதும் திருகோணமலை கடலைப் பார்த்த முகமாகவும், நிலத்திற்கு முதுகு காட்டியதாகவும் இருந்தது எனலாம்.

இங்கே ஒரு விசித்திரத்தைக் குறிப்பிடவேண்டும். வடபகுதிக்குச் செல்லும் இருப்புப் பாதை, பொல்காவலையிலிருந்து குருணாகல், அனுராதபுரம் வழியாக யாழ்ப்பாணத்தையும் காங்கேசன்துறையையும் ஒரே தொடராக இணைத்தது 1905ஆம் ஆண்டில். வடக்கு மக்களுக்கு அது பெருவாழ்வு. அதே காலத்திலேதான் ஆங்கிலக் கடற்படைத் தலைமை, செலவைக் குறைக்கும் பொருட்டுத் திருகோணமலைக் கப்பற் பட்டறையை மூடிவிட முடிவு செய்தது. ஒரு நகருக்கு வண்டி வந்தது. மற்றொரு நகரில் வேலை போயிற்று. பிறர் தேவைக்காக வளர்ந்த ஊர், பிறர் தேவை மாறும்போது தளரும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

புகையிரதம் வருமுன் திருகோணமலைக்கு வருவோர் இரு வழிகளையே நம்பியிருந்தனர். ஒன்று, தம்புள்ளை, கந்தளாய் வழியாகக் காட்டை ஊடறுத்து வரும் தெரு. மலேரியாக் காய்ச்சலும் காட்டு விலங்குகளும் அவ்வழியைக் கடினமாக்கின. மற்றொன்று, கடலோரமாகத் தீவைச் சுற்றிவரும் நீராவிக் கப்பல். வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அப்பயணத்தின் இன்பத்தை அனுபவித்தவர்களே அறிவர்.

இருப்புப் பாதை வந்தது 1927ஆம் ஆண்டில். வடபகுதிப் பாதையிலுள்ள மாகோவிலிருந்து அது கிழக்கு நோக்கிப் பிரிகின்றது. கெக்கிராவை, ஹபரணை வழியாகக் கல் ஓயாச் சந்தியை அடைகின்றது. அங்கே மறுபடியும் இரண்டாகப் பிரிந்து, ஒரு கிளை திருகோணமலைக்கும், மற்றொரு கிளை பொலன்னறுவை வழியாக மட்டக்களப்புக்கும் செல்கின்றது. திருகோணமலைக் கிளை திறக்கப்பட்ட மறு ஆண்டில், 1928இல், மட்டக்களப்புக் கிளை நிறைவெய்தியது. கல் ஓயா என்றதும் பட்டிப்பளை ஆற்றை மறித்துக் கட்டிய பெருந்திட்டத்தை நேயர்கள் எண்ணக்கூடும். அது அம்பாறையில் உள்ளது. அதற்கும் இச்சந்திக்கும் பெயரளவிலேயே ஒற்றுமை.

கல் ஓயாச் சந்தியிலிருந்து திருகோணமலை வரையுள்ள தூரம் ஏறத்தாழ 70 கிலோமீற்றர். இதனை ‘இலகு புகையிரதப் பாதை’ என்று வழங்கினர். தண்டவாளங்களின் இடைவெளியில் குறைவில்லை. நாட்டின் ஏனைய பெரும் பாதைகளைப் போல ஐந்தடி ஆறு அங்குல அகலமே இதற்கும் உண்டு. பாதையின் ஏனைய அமைப்பிலேதான் சிக்கனம் காட்டப்பட்டது. பளுவான வண்டிகளும் மிகுந்த வேகமும் இங்கே எதிர்பார்க்கப்படவில்லை. பிள்ளைகளுட் கடைசியாய்ப் பிறந்தவனுக்கு மூத்தவன் சட்டையைத் தைத்துக் கொடுப்பது போலவே கிழக்குப் பாதை அமைக்கப்பட்டது. ஆயினும் அது வந்தது. ஊர் மக்கள் ‘கோச்சி’ என்று பெயரிட்டு அதனை ஏற்றுக்கொண்டனர்.

இப்பாதையின் கடைசிப் பகுதி கண்ணுக்கு இனியது. ஹபரணைக் காடு மெல்ல விலக, கந்தளாய் வருகின்றது. பண்டைய அரசர் அமைத்த பெருங்குளம் அங்கே இருக்கின்றது. அக்குளத்து நீர் பாயும் வயல்களைத் தொடர்ந்து முள்ளிப்பொத்தானையும் தம்பலகாமமும் வருகின்றன. போர்த்துக்கேயர் 1622ஆம் ஆண்டில் கோணேசர் கோயிலை இடித்தபின், அவ்வழிபாடு தொடர்ந்த ஆதிகோணநாயகர் கோயில் தம்பலகாமத்திலேதான் உள்ளது. நெல் வயல்களைக் கடந்ததும் காற்றில் உப்பு மணக்கும். அதன்பின் சீனன்குடா, அதற்கப்பால் நகரம். குளமும் வயலும் குடாவும் நகரும் ஒரு நூலிற் கோத்த மணிகள் போல இவ்விருப்புப் பாதையில் அமைந்திருக்கின்றன. இந்த அமைப்பை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும். பின்னர் இதனைப் பற்றி மீண்டும் பேச இருக்கின்றேன்.

சீனன்குடாவிற்குச் சிறப்பு வந்தமைக்குக் காரணம் எண்ணெய். முதலாம் உலகப் போரின் பின், போர்க் கப்பல்கள் நிலக்கரியை விட்டு எண்ணெயால் ஓடத் தொடங்கின. ஆகவே ஆங்கிலக் கடற்படை சீனன்குடாக் காட்டினுள்ளே பெரும் எண்ணெய்த் தாங்கிகளைக் கட்டியது. ஏறத்தாழ நூறு தாங்கிகள். ஒவ்வொன்றும் பல ஆயிரம் தொன் கொள்ளத்தக்கது. அண்மையில் விமானத் தளமும் அமைந்தது. மூடிக் கிடந்த துறைமுகத்துக்கு மீண்டும் உயிர் வந்தது. பட்டறையிலும் தாங்கிகளிலும் விமானத் தளத்திலும் வேலை தேடி, இலங்கையின் பல பாகங்களிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் மக்கள் வந்தனர்.

இரண்டாம் உலகப் போரில் இச்சிறப்பே ஆபத்தாயிற்று. 1942ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 5ஆம் திகதி யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. நான்கு நாட்களின் பின், 9ஆம் திகதி காலையில் திருகோணமலை தாக்கப்பட்டது. துறைமுகத்திலும் சீனன்குடா விமானத் தளத்திலும் குண்டுகள் விழுந்தன. எண்ணெய்த் தாங்கி ஒன்று தீப்பற்றி எரிந்தது. அன்றைய தினமே ‘ஹேர்மிஸ்’ என்னும் ஆங்கில விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பாற் கடலில் அமிழ்த்தப்பட்டது. நகர மக்களிற் பலர் வீடுகளை விட்டு உள்நாட்டுக்குச் சென்றனர். போரின் பிற்பகுதியில், நேச நாடுகளின் கீழ்த்திசைக் கடற்படைக்குத் திருகோணமலை முக்கிய தளமாக விளங்கியது. சிக்கனமாக இடப்பட்ட அந்த இலகு பாதை, அதனை அமைத்தோர் எதிர்பாராத சுமையைத் தாங்கியது.

1948ஆம் ஆண்டில் இலங்கை சுதந்திரம் பெற்ற பின்னரும் கடற்படைத் தளம் ஆங்கிலேயர் பொறுப்பிலேயே இருந்தது. 1957ஆம் ஆண்டு ஒற்றோபர் மாதம் 15ஆம் திகதி அது இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டது. நாட்டுக்கு அது பெருமைக்குரிய நாள் என்பதில் ஐயமில்லை. ஆனால் அத்தளத்தை நம்பி வாழ்ந்த தொழிலாளர் குடும்பங்களுக்கு அந்நாள் வேறொரு பொருளையும் தந்தது. 1905இல் நிகழ்ந்தது போலவே, தொலைவிலே எடுத்த முடிவொன்று நகரத்தின் அடுப்படி வரை வந்து சேர்ந்தது.

இலங்கைப் புகையிரதப் பகுதி புதுப்பொலிவு பெற்ற காலமும் ஏறக்குறைய இதுவே. 1953ஆம் ஆண்டு முதல் டீசல் மின்சார எஞ்சின்கள் வந்தன. அடுத்த ஆண்டில் கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடா நாட்டு எஞ்சின்களும் வந்து சேர்ந்தன. 1955ஆம் ஆண்டில் பொது முகாமையாளர் பதவியை ஏற்ற திரு. பி. டி. ரம்பாலா அவர்கள், நெடுந்தூரக் கடுகதி வண்டிகளுக்கு அழகிய பெயர்களைச் சூட்டினார். 1956ஆம் ஆண்டில் வடக்குக்கு ‘யாழ்தேவி’ புறப்பட்டது. மட்டக்களப்புக்கு ‘உதயதேவி’ ஓடியது. பெயர்கள் மக்கள் நாவில் நிலைத்தன. திருகோணமலைக்கு வாய்த்ததில் முதன்மையானது இரவு அஞ்சல் வண்டி. மாலை மயங்கிய பின் புறப்பட்டு, விடியுமுன் கொழும்பை அடையும் வண்டி அது. தலைநகரில் அலுவலுள்ளவருக்கு அதனினும் வசதியானதொன்றில்லை. காலையில் தம்பலகாமத்திலிருந்து நகரப் பாடசாலைக்குப் போகவேண்டிய மாணவனுக்கு அதனால் என்ன பயன்?

இங்கேதான் நாம் தொடக்கத்திற் கேட்ட கேள்விக்கு விடை கிடைக்கின்றது. திருகோணமலைப் பாதை பெரும்பாலும் கொழும்பை நோக்கியே சிந்தித்தது. பிரயாணிகளைக் கொழும்புக்குக் கொண்டுசென்றது. சரக்கைக் கொழும்புக்குக் கொண்டுசென்றது. 1980ஆம் ஆண்டளவில் சீனன்குடாவிலே பெரிய கோதுமை மா ஆலையொன்று இயங்கத் தொடங்கியது. அங்கு அரைக்கப்படும் மா புகையிரதத்தில் ஏறி நாட்டின் பிற பாகங்களுக்குச் சென்றது. கந்தளாயிலும் ஒரு காலத்திற் பெரிய சீனித் தொழிற்சாலை இயங்கியது. ஆலைகளும் தாங்கிகளும் பாதையின் அருகே எழுந்தன. ஆனால் அவ்வாலைகளுக்கு நாள்தோறும் வேலைக்குச் செல்வோரைப் பற்றி நேரசூசி அதிகம் கவலைப்பட்டதில்லை.

பின்னர் வந்த போர் ஆண்டுகள் இந்த நிலையையும் கெடுத்தன. 1983ஆம் ஆண்டுக்கும் 2009ஆம் ஆண்டுக்கும் இடையே கிழக்குப் பாதையிற் சேவைகள் பல வேளைகளில் தடைப்பட்டன, மீண்டும் தொடங்கின, மீண்டும் தடைப்பட்டன. ஊர்கள் பெயர்ந்தன, மக்கள் இடம்மாறினர். நேரத்துக்கு வண்டி வரும் என்னும் நம்பிக்கை ஒருமுறை உடைந்தால், அதனைத் திருத்தத் தண்டவாளத்தைத் திருத்துவதைவிட அதிக காலம் எடுக்கும். போர் முடிந்தபின் தெருக்கள் அகலமாயின, பாலங்கள் எழுந்தன. 2009ஆம் ஆண்டின் பிற்பகுதியில் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. அதுவரை தோணியையும் மிதவையையும் நம்பியிருந்த மக்கள் நடந்தும் வண்டியிலும் கடக்கலாயினர். பேருந்துகளும் முச்சக்கர வண்டிகளும் பெருகின. இருப்புப் பாதை பழைய இடத்திலேயே, பழைய போக்கிலேயே இருந்தது.

இனி, நகர்ப்புறப் புகையிரதம் என்பது யாது என்று பார்ப்போம். ஒரு நகரில் தொழில் செய்வோர் அந்நகருக்கு வெளியே குடியிருந்து, காலையில் வந்து மாலையில் திரும்புவதற்கு உதவும் சேவையே அது. இலண்டன் நகரின் முதற் புகையிரதம் 1836ஆம் ஆண்டில் கிரீனிச்சை நோக்கித் திறக்கப்பட்டது. அதன் முழு நீளமும் நான்கு மைலுக்குக் குறைவே. சென்னையிலே, கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை, ஏறத்தாழ 29 கிலோமீற்றர் தூரத்துக்கு, 1931ஆம் ஆண்டில் மின்சார வண்டி ஓடத் தொடங்கியது. கிராமங்களாயிருந்த ஊர்கள் அதனால் நகரத்தின் உறுப்புகளாயின. நம் நாட்டிலும், 1877ஆம் ஆண்டில் மொரட்டுவைக்குச் சென்ற கரையோரப் பாதை நாளடைவில் அலுவலர் வண்டிப் பாதையாக மாறியது. 1938ஆம் ஆண்டிலேயே டீசல் இணைவண்டிகள் மூன்று இலங்கைக்கு வரவழைக்கப்பட்டன. காலையில் கோட்டை நிலையத்தில் இறங்கும் மக்கள் வெள்ளத்தைக் கண்டோர், அப்பாதையில்லாமற் கொழும்பு ஒரு நாள்கூட இயங்காது என்பதை அறிவர்.

இவ்வூர்களை ஒப்புநோக்கினால் மூன்று நிபந்தனைகள் தெரிகின்றன. பாதையின் ஓரமாக ஊர்கள் தொடர்ச்சியாக இருத்தல் வேண்டும். ஒரு முனையில் வேலையும் கல்வியும் மருத்துவமும் இருத்தல் வேண்டும். வேலைக்குச் செல்லும் நேரத்திலும் திரும்பும் நேரத்திலும் வண்டி ஓடுதல் வேண்டும். நூலிற் கோத்த மணிகள் என்று முன்னர் நான் கூறியதை நேயர்கள் நினைவுகூர்க. கந்தளாய், முள்ளிப்பொத்தானை, தம்பலகாமம், சீனன்குடா, திருகோணமலை. முதல் நிபந்தனை இங்கே உண்டு. கச்சேரி, மருத்துவமனை, பாடசாலைகள், துறைமுகம் ஆகியன நகரத்தில் உள்ளன. ஆலைகளும் தாங்கிகளும் சீனன்குடாவிலும் துறைமுகத்தை அடுத்தும் உள்ளன. ஆகவே இரண்டாவதும் உண்டு. குறைவாயிருப்பது மூன்றாவது மட்டுமே. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்பார்கள். திருகோணமலை மாவட்டத்தின் போக்குவரத்து நிலைமை இப்பழமொழிக்கு நல்ல உதாரணம்.

ஒற்றைத் தண்டவாளப் பாதையில் அதிக வண்டிகளை ஓட்டுவது எங்ஙனம் என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஒற்றைப் பாதையில் இரண்டு நிலையங்களுக்கு இடையே ஒரு நேரத்தில் ஒரு வண்டியே செல்லலாம். இதனை உறுதிசெய்ய, இலங்கையில் நெடுங்காலமாகக் கையாளப்படும் முறையொன்று உண்டு. ‘டப்லட்’ எனப்படும் வட்டமான உலோகத் தகடொன்றை நிலைய அதிபர் சாரதியிடம் கொடுப்பார். அதைக் கையிற் கொண்டிருக்கும் சாரதியே அந்தப் பகுதிக்குள் நுழையலாம். அடுத்த நிலையத்தில் அதை ஒப்படைத்த பின்னரே மற்றொரு தகடு வெளிவரும். இரு நிலையங்களின் கருவிகளும் கம்பியால் இணைக்கப்பட்டிருப்பதனால், ஒரே நேரத்தில் இரண்டு தகடுகள் வெளிவரா. எளிய முறை, ஆயினும் உறுதியான முறை. இம்முறையில் ஒரு நாளில் ஓடக்கூடிய வண்டிகளுக்கு எல்லை உண்டு என்பது உண்மை. ஆனால் திருகோணமலைக் கிளையில் ஓடிவந்தவை விரல்விட்டு எண்ணத்தக்க வண்டிகளே. எல்லையை நாம் அணுகவேயில்லை.

இன்னொரு காரணமும் பகல் வண்டிகளுக்குச் சார்பாக நிற்கின்றது. கிழக்குப் பாதை யானைகள் நடமாடும் காட்டை ஊடறுத்துச் செல்கின்றது. 2025ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம், கல் ஓயாவுக்கு அண்மையில், மட்டக்களப்பிலிருந்து கொழும்பு நோக்கிச் சென்ற வண்டியொன்று யானைக் கூட்டத்தில் மோதியதில் ஆறு யானைகள் இறந்தன. வண்டியும் தடம் புரண்டது. இருளிற் காட்டைக் கடக்கும் நெடுந்தூர வண்டிகளுக்கே இவ்வாபத்து மிகுதி. கந்தளாய்ப் பக்கத்திலும் யானைகள் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், வெளிச்சம் பரந்தபின் மிதமான வேகத்தில் ஓடும் குறுந்தூர வண்டியின் சாரதி, முன்னே நிற்பதைக் கண்டு நிறுத்துவதற்கு வாய்ப்பு அதிகம்.

செலவைப் பற்றியும் பேசவேண்டும். 2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி திருகோணமலை மாவட்டத்தின் மக்கள் தொகை ஏறத்தாழ 379,000. இது கொழும்புமன்று, சென்னையுமன்று. கால் மணிக்கொரு வண்டி வேண்டுமென்று கேட்பது பொருத்தமற்றது. பன்னிரண்டு பெட்டிகள் கொண்ட தொடரும் இங்கே தேவையில்லை. இரண்டு பேருந்துகளை முதுகோடு முதுகு சேர்த்து, புகையிரதச் சில்லுகளைப் பூட்டி, ‘ரயில் பஸ்’ என்னும் பெயரில் இலங்கையிற் சில பாதைகளில் ஓட்டியதுண்டு. ஒரு முனையை அடைந்ததும் எஞ்சினைக் கழற்றித் திருப்பும் வேலை அதற்கில்லை. மறுமுனையிலுள்ள சாரதி இருக்கையில் அமர்ந்தாற் போதும். குறைந்த எண்ணெய், குறைந்த ஆட்கள். இத்தகைய வண்டி காலையில் இரண்டு முறை, மாலையில் இரண்டு முறை கந்தளாய்க்கும் திருகோணமலைக்கும் இடையே ஓடுமாயின், அதுவே நல்ல தொடக்கமாகும்.

வண்டி ஓடினால் மட்டும் போதாது. வண்டி நிற்குமிடமும் மனிதர் நிற்குமிடமும் ஒன்றாயிருத்தல் வேண்டும். 1927ஆம் ஆண்டில் நிலையங்களை அமைத்தபோது, அன்றிருந்த ஊர்களையே கருத்திற்கொண்டனர். அதன்பின் நகரம் கண்டித் தெரு வழியே தென்மேற்கு நோக்கிப் பரந்திருக்கின்றது. பாதைக்கு அண்மையில் மக்கள் செறிந்த இடங்களில் ஒரு மேடையும் ஒரு கூரையும் கொண்ட சிறு தரிப்பிடங்கள் சிலவற்றை அமைக்கலாம். திருகோணமலை நிலையமோ நகரின் நடுப்பகுதிக்குச் சற்று விலகி வடமேற்கில் இருக்கின்றது. வண்டி வரும் நேரத்தில் அங்கிருந்து மருத்துவமனைக்கும் பாடசாலைகளுக்கும் பேருந்து தொடுக்கவேண்டும். கிண்ணியாவிலிருந்து வருவோருக்குச் சீனன்குடாவில் அவ்வாறே தொடுப்பு வேண்டும். மாணவர்க்கும் தொழிலாளர்க்கும் குறைந்த கட்டணத்திற் பருவச் சீட்டு வழங்கும் வழக்கம் புகையிரதப் பகுதியில் முன்பே உண்டு. அச்சீட்டுக்கு ஏற்ற வண்டிதான் இங்கே குறைவு.

இவை அற்பமான காரியங்கள் என்று சிலர் எண்ணலாம். திருகோணமலையைப் பற்றி நடைபெறும் பேச்சுகள் எப்போதும் பெரியவை. எண்ணெய்த் தாங்கிகளைப் பற்றி நாடுகளுக்கிடையே உடன்படிக்கைகள் கைச்சாத்தாகின்றன. 2022ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் 99 தாங்கிகளும் பங்கிடப்பட்டன. 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு. 14 இந்திய நிறுவனத்தின் இலங்கைக் கிளைக்கு. எஞ்சிய 61 இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கு. துறைமுகத்தை விரிவாக்கும் திட்டங்களும் அவ்வப்போது பேசப்படுகின்றன. அவை நிறைவேறினால் நாட்டுக்கு நன்மையே. ஆனால் 1905ஆம் ஆண்டும் 1957ஆம் ஆண்டும் நமக்குக் கற்பித்த பாடத்தை மறத்தல் கூடாது. தொலைவிலுள்ளோரின் தேவையை மட்டும் நம்பி எழும் தொழில், அவர்தம் தேவை தீர்ந்ததும் போய்விடும். உள்ளூர் மக்களின் அன்றாடத் தேவையில் வேரூன்றியது எளிதிற் போகாது.

ஒரு பாதை ஊருக்குச் சொந்தமாவது திறப்பு விழாவினாலன்று. காலை ஏழு மணிக்கு வண்டி வரும் என்று கந்தளாயில் ஒரு தாய் நம்பி, பிள்ளைக்குச் சோறு கட்டிக் கொடுக்கவேண்டும். ஆலைத் தொழிலாளி சங்கொலிக்கு முன் சீனன்குடாவில் இறங்கவேண்டும். தம்பலகாமத்து முதியவர் மருந்து வாங்கிக்கொண்டு பொழுது சாயுமுன் வீடு திரும்பவேண்டும். இம்மூவரும் மறுநாளும் அதே வண்டியை எதிர்பார்த்து நிற்கும் நிலை வருமாயின், 1927ஆம் ஆண்டிற் கடைசிப் பிள்ளையாய் வந்த இந்தப் பாதை தன் கடமையைச் செய்ததாகும்.

தண்டவாளம் இருக்கின்றது. நிலையங்கள் இருக்கின்றன. பாதையோரத்தில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அடுத்தடுத்து வாழ்கின்றனர். ஒரே பெட்டியில் அருகருகே அமர்ந்து நாள்தோறும் பயணஞ் செய்வோர், ஒருவர் வீட்டுச் செய்தியை மற்றவர் அறிவர். நீண்ட காலம் பிரிந்திருந்த மக்களுக்கு இதனால் விளையும் நன்மை எந்த வரவுசெலவுக் கணக்கிலும் எழுதப்படுவதில்லை. ஆயினும் கணக்கெழுதுவோர் அதனையும் எண்ணிப் பார்த்தல் நன்று.